புகை அரித்த நுரையீரலைக் குருத்தணு மீட்குமா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் ஒரு சர்க்கரை ஆலை இருப்பதை அப்பகுதி வாசகர்கள் அறிவர். அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயிலில் நீண்ட வரிசையில் காத்து நிற்கும். காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! தேநீரும் பீடியும்தாம் துணை. இப்படிப் பல பருவங்கள் காத்திருந்த ஓர் உழவர், கல்லூரியில் என்னிடம் பயிலும் மாணவர் ஒருவரின் தந்தை, சென்ற ஆண்டு மகனுடன் என்னைக் காண வந்தார். மாடிப்படி பதினைந்தை ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவர் கையில் ஒரு துண்டு விளம்பரம் இருந்தது.

“ஐயா, ஸ்டெம் செல் ஊசி போட்டா கெட்டுப்போன நுரையீரல் புதுசா வளரும்னு இதுல போட்டிருக்கு. சில லட்சம் ஆகுமாம். அரைக்காணி நிலம் இருக்கு, வித்துடலாமான்னு பாக்குறேன். இது நெசமா?” என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லேன், இயற்பியல் ஆசிரியன். ஆயினும், ஒரு குடும்பத்தின் நிலம் ஒரு வினாவின் விடையில் தொங்கும்போது, “எனக்குத் தொடர்பில்லை” என்று சொல்லிவிட மனம் வரவில்லை. படித்துப் பார்த்துவிட்டு விடை சொல்கிறேன் என்றேன். அவருக்குச் சொன்ன விடையே இக்கட்டுரை. அவரைப் போன்ற தந்தையரும் தாத்தாக்களும் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் அல்லவா?

நுரையீரலின் கணக்கு

நுரையீரல் என்பது ஒரு வெற்றுப் பை அன்று. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, மரக்கிளைகள் போலப் பரவிச் சென்று, இறுதியில் மிகச் சிறிய காற்று நுண்ணறைகளில் முடிகிறது. வளர்ந்த ஒருவரின் இரு நுரையீரல்களிலும் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்.

மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நுண்ணறையையும் ஒரு கோளமாகக் கொள்வோம். 48 கோடிக் கோளங்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2 லிட்டர்தான். ஆனால் அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 60 சதுர மீட்டர்! அதாவது, ஓர் இறகுப்பந்து மைதானத்தின் முக்கால் பங்கு நம் மார்புக் கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதே 2 லிட்டர் காற்றை ஒரே பலூனில் அடைத்தால் அதன் பரப்பு எவ்வளவு? 0.08 சதுர மீட்டர். ஒரு சிறிய கைக்குட்டையின் அளவு.

இந்தப் பரப்பின் வழியாகத்தான் உயிர்வளி குருதிக்குள் செல்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. குருதியின் சிவப்பணு ஒன்று நுரையீரலின் தந்துகியில் தங்குவது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. அதற்குள் வாயுப் பரிமாற்றம் முடிந்தாக வேண்டும். பரப்பு குறைந்தால் உயிர்வளியின் வரவும் குறையும்.

நுண்ணறைகளுக்கு இன்னொரு பணியும் உண்டு. அவற்றின் சுவர்களில் எலாஸ்டின் என்னும் மீள்தன்மை உடைய இழைகள் உள்ளன. இவை ரப்பரைப் போல விரிந்து சுருங்குவதால்தான் நாம் முயற்சி ஏதுமின்றி மூச்சை வெளியே விடுகிறோம். மேலும், சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றிலும் இச்சுவர்கள் இழுத்துக் கட்டி நிற்கின்றன. பந்தலை நாற்புறமும் கயிறு இழுத்துப் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. கயிறுகளை அறுத்துவிட்டால் பந்தல் தொய்ந்துவிடும்.

புகை அறுக்கும் கயிறுகள்

புகை இக்கயிறுகளைத்தான் அறுக்கிறது. எப்படி? புகை நுரையீரலுக்குள் சென்றதும், ஏதோ பகைவன் புகுந்துவிட்டான் என்று கருதி வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. அவை எலாஸ்டேஸ் போன்ற நொதிகளைச் சுரக்கின்றன. கிருமிகளை அழிப்பதற்கு உதவும் இந்நொதி, எலாஸ்டின் இழைகளையும் அரித்துவிடும். இதைத் தடுப்பதற்கென்றே ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் என்னும் காவற்புரதம் நம் குருதியில் உள்ளது. இப்புரதம் இல்லாதவர்களுக்கு இளவயதிலேயே நுரையீரல் சிதைவதை 1963-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் கண்டறிந்தார்கள். புகையோ இக்காவற்காரனையும் செயலிழக்கச் செய்துவிடுகிறது. வேலியே பயிரை மேயும்போது தடுக்கும் கையும் கட்டப்பட்டுவிடுகிறது!

சுவர்கள் அரிக்கப்பட்டதும் பல நுண்ணறைகள் ஒன்றாகி ஒரு பெரிய அறை ஆகின்றன. இதுவே எம்பிசீமா. எட்டுச் சிறு கோளங்கள் ஒன்றுகூடி அதே கொள்ளளவுள்ள ஒரு கோளமானால் பரப்பு சரிபாதியாகும். ஆயிரம் ஒன்றானால் பத்தில் ஒரு பங்காகும். காற்று இருக்கிறது, பரப்பு இல்லை. கூடவே, இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் அறுந்துவிட்டதால், மூச்சை வெளிவிடும்போது சிறு குழல்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது. குழல்களின் வீக்கமும் சளியும் சேர்ந்துகொள்ளும்போது, இதனை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பர்.

“பீடி வெறும் இலைதானே, சிகரெட்டைப் போலக் கெடுதல் இல்லை” என்று சொல்வோர் உண்டு. இது தவறு. பீடி அடிக்கடி அணைந்துபோகும் இயல்புடையது. அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். உள்ளே செல்லும் புகை அதனால் குறைவதில்லை. புகை பிடிக்காத பெண்கள் பலருக்கும் இந்நோய் வருகிறதே என்று கேட்கலாம். காற்றோட்டமில்லாத அடுக்களையில் விறகும் வறட்டியும் எரித்து ஆண்டுக்கணக்கில் சமைத்ததும் அதற்கு ஒரு காரணமாகும்.

குருத்தணு என்பது யாது?

வாழை மரத்தை வெட்டினாலும் நடுவிலிருந்து குருத்து வெளிவருகிறது. நம் உடலிலும் அப்படிப்பட்ட அணுக்கள் உள்ளன. தம்மைப் போன்ற அணுக்களையும் உண்டாக்கி, தனித்தொழில் செய்யும் வேறுவகை அணுக்களாகவும் மாறவல்லவை இவை. ஆங்கிலப் பெயரை ஒட்டி ஸ்டெம் செல் என்றும், தமிழில் குருத்தணு என்றும் சொல்கிறோம். குருதியை உண்டாக்கும் குருத்தணுக்கள் எலும்பு மச்சையில் இருப்பதை 1961-இல் கனடாவின் டில், மெக்கல்லக் ஆகிய இருவரும் ஆய்வுகளால் காட்டினார்கள். அவர்களுள் ஜேம்ஸ் டில் ஓர் இயற்பியலாளர் என்பது நம் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி!

குருத்தணு மருத்துவம் வெறும் கனவு அன்று. மச்சை மாற்று மருத்துவத்துக்காக டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும் இச்சிகிச்சை தொடங்கியது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா ஆகியவற்றால் தாக்குண்ட எத்தனையோ குழந்தைகள் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நுரையீரலுக்கு மட்டும் ஏன் தயக்கம்? இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குருதி ஒரு திரவம். அதன் அணுக்களுக்கு நிலையான இடம் இல்லை; ஓடிக்கொண்டே இருக்கின்றன. புதிய குருத்தணுக்கள் மச்சையில் குடியேறி அணுக்களைச் சுரந்துகொண்டிருந்தால் போதும். நுரையீரலோ ஒரு கட்டடம். குழலும் சுவரும் தந்துகியும் மீள்தன்மை இழையும் குறித்த இடத்தில் குறித்தபடி அமைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். நெல்லைத் தூவினால் வயலில் நாற்று முளைக்கும். செங்கல்லைக் கொட்டினால் வீடு எழும்புமா?

காலில் கிடைத்த பயன்

புகையால் வரும் நோய் ஒன்றுக்குக் குருத்தணு மருந்து நம் நாட்டிலேயே அனுமதி பெற்றிருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. புகையிலை பயன்படுத்துவோரையே பெரும்பாலும் தாக்கும் இது, கால், கைகளின் சிறு இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. ஆறாத புண், தாங்க முடியாத வலி, கடைசியில் விரலையோ காலையோ இழக்கும் நிலை என்று போகும்.

பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நலமுள்ள கொடையாளிகளின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்துப் பெருக்கிய மீசன்கைமல் என்னும் வகைக் குருத்தணுக்களைக் கொண்டு ஒரு மருந்தை உருவாக்கியது. 90 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. கெண்டைக்கால் தசையில் ஊசி மூலம் இவ்வணுக்களைச் செலுத்தியபோது வலி குறைந்தது. புண்கள் ஆறுவது விரைவுற்றது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் 2016-இல் இதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதியும், 2020-இல் விரிந்த அனுமதியும் அளித்தார்.

இங்கே பயன் கிடைத்தது எதனால்? ஊசியில் சென்ற அணுக்கள் புதிய கால் ஒன்றைக் கட்டவில்லை. அவை சுரந்த பொருள்கள், அடைபட்ட குழாயைச் சுற்றிப் புதிய சிறு குழாய்கள் கிளைக்கத் தூண்டின, அழற்சியைத் தணித்தன. காலில் தேவைப்பட்டது குருதி செல்ல ஒரு மாற்றுப்பாதை மட்டுமே. அதிலும், புகையை விடாதவருக்கு நோய் மீண்டும் முற்றும் என்பதை மருத்துவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நுரையீரலில் நடந்த சோதனைகள்

இதே வகை அணுக்களை நுரையீரல் நோய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் சி.ஓ.பி.டி. உள்ள 62 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குருத்தணுக்கள். மற்றதற்கு அணுக்கள் இல்லாத போலி மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. மாதம் ஒன்றாக நான்கு முறை இரத்த நாளத்தில் செலுத்திவிட்டு, இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவு இது: சிகிச்சையால் தீங்கு ஏதும் தென்படவில்லை, ஆனால், நுரையீரலின் செயல்திறனில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை.

இதில் இயற்பியலும் இருக்கிறது. இவ்வணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. நுரையீரல் தந்துகியின் உள்ளளவோ நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே நாளத்தில் செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை நுரையீரலில் சிக்கிக்கொள்கின்றன. “பாருங்கள், அணுக்கள் நேராக நுரையீரலுக்கே போகின்றன” என்று விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். சிக்குவது வேறு, குடியேறுவது வேறு. விலங்குகளில் சோதித்தபோது, சிக்கிய அணுக்களில் பெரும்பகுதி சில நாட்களுக்குள் மறைந்துவிட்டது.

ஆராய்ச்சியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. சீனாவில், நோயாளியின் மூச்சுக்குழலிலிருந்தே குருத்தணுக்களைத் தூரிகையால் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, அவருடைய நுரையீரலுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2024-இல் வெளியான முடிவின்படி, வாயுப் பரிமாற்றத் திறன் 30 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 40 விழுக்காடாக உயர்ந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சோதனையில் இருந்தவர்கள் 20 பேர். அவர்களுள் சிகிச்சை பெறாமல் ஒப்பீட்டுக்காக இருந்தவர்கள் மூவரே. நம் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஒரே முறை அளந்து முடிவு எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா? இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். அவை வரும் வரை இது ஆராய்ச்சியே தவிர மருந்து அன்று.

நமக்குள் இருக்கும் குருத்தணுக்கள்

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். குருத்தணுக்களை விலைகொடுத்து வாங்குவதற்கு முன், அவை நம் நுரையீரலிலேயே இருப்பதை அறிய வேண்டும். மூச்சுக்குழலின் உள்தோலுக்கு அடியில் அடியணுக்கள் என்னும் குருத்தணுக்கள் உள்ளன. தேய்ந்துபோகும் மேலணுக்களுக்கு மாற்றாகப் புதியவற்றை இவை உண்டாக்குகின்றன. நுண்ணறைகளிலும் இரண்டாம் வகை அணுக்கள் இதே பணியைச் செய்கின்றன.

புகைப்பவரின் மூச்சுக்குழல் அணுக்களை இங்கிலாந்து அறிஞர்கள் ஒவ்வொன்றாக எடுத்து மரபுப்பொருளைப் படித்தார்கள். 2020-இல் நேச்சர் இதழில் வெளியான இவ்வாய்வில், புகைப்பவரின் பெரும்பாலான அணுக்களில் ஆயிரக்கணக்கான திரிபுகள் மிகுதியாக இருந்தன. இது எதிர்பார்த்ததே. வியப்பு வேறோரிடத்தில் இருந்தது. புகையை விட்டுவிட்டவர்களிடம், ஒருபோதும் புகைக்காதவரின் அணுக்களைப் போன்ற நல்ல அணுக்கள் காணப்பட்டன. சிலரிடம் 40 விழுக்காடு வரை! இன்னும் புகைப்பவர்களிடம் உள்ளதைப் போல் இது நான்கு மடங்கு. கெட்ட அணுக்கள் திருந்திவிடவில்லை. எங்கோ தப்பிப் பிழைத்த ஒருசில நல்ல குருத்தணுக்கள், புகை நின்றதும் பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதே அறிஞர்களின் விளக்கம்.

அப்படியென்றால் எம்பிசீமாவும் சரியாகிவிடுமா? இல்லை, இதை மறைக்கக் கூடாது. உள்தோல் புதுப்பிக்கப்படும், இடிந்த நுண்ணறைச் சுவர்கள் மீண்டும் எழுவதில்லை. ஆனால் மேலும் இடிவதைத் தடுக்கலாம். வட அமெரிக்காவில் 5,887 புகைப்பவர்களிடம் தொடங்கிய ஆய்வு ஒன்று, அவர்களுள் பெரும்பாலோரைப் பதினோர் ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முழுமூச்சாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றை அளந்தார்கள். புகையைத் தொடர்ந்த ஆண்களுக்கு இது ஆண்டுக்கு 66 மில்லிலிட்டர் குறைந்தது. விட்டுவிட்டவர்களுக்கு 30 மில்லிலிட்டரே குறைந்தது. வேறுபாடு 36 மில்லிலிட்டர்தானே என்று எண்ண வேண்டாம். இருபது ஆண்டுகளில் அது 720 மில்லிலிட்டர். கிணற்றடிக்குத் தாமே நடந்து போவதா, கட்டிலிலேயே கிடப்பதா என்பதை முடிவு செய்யப் போதுமான காற்று அது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவானவை. குறிப்பிட்ட சில நோய்களுக்கான மச்சை, குருதிக் குருத்தணு மாற்றைத் தவிர, ஏனைய குருத்தணுச் சிகிச்சைகளை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே செய்யலாம். பர்ஜர் நோய் மருந்து போல உரிய சோதனைகளைக் கடந்து வருபவை தனியே அனுமதி பெறுகின்றன. சி.ஓ.பி.டி.க்கு அப்படி அனுமதி பெற்றது எதுவும் இல்லை.

ஆகவே யாரேனும் இச்சிகிச்சையைச் சொன்னால் வாசகர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒன்று, இது சோதனையா, சிகிச்சையா? இரண்டு, சோதனை எனில் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? மூன்று, சோதனை எனில் நோயாளியிடம் பணம் கேட்பது ஏன்? நேர்மையான சோதனையில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்காகக் கட்டணம் வாங்குவதில்லை. “எங்கள் நோயாளி ஒருவர் இப்போது ஓடுகிறார்” என்பது இக்கேள்விகளுக்கு விடை ஆகாது. ஊசி போட்ட மறுவாரம் உடல் இலேசாகத் தோன்றலாம்; நம்பிக்கைக்கே அந்த ஆற்றல் உண்டு. அதனால்தான் போலி மருந்துக் குழு வேண்டியிருக்கிறது.

அப்படியானால் செய்யத்தக்கது எதுவுமில்லையா? உண்டு. ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதிப் பார்த்து நோயின் அளவை அறியலாம். குழல்களை விரிக்கும் மருந்துகளை இன்ஹேலர் வழியே உறிஞ்சினால் மூச்சு எளிதாகும். மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் தசைகளை வலுப்படுத்தும். ஃபுளூ, நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் திடீர் நெருக்கடிகளைக் குறைக்கும். புகையை விட முயல்வோர்க்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய எண்ணில் வழிகாட்டுகிறார்கள். இவற்றில் எதற்கும் நிலத்தை விற்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் எறையூர் உழவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது உண்மை. “அப்போ இனிமே விட்டு மட்டும் என்ன ஆகப்போவுது?” என்றார். 66-ஐயும் 30-ஐயும் ஒரு தாளில் எழிதிக் காட்டினேன். கரும்பின் எடையை ஆலையில் கிலோ கிலோவாகக் கணக்குப் பார்ப்பவர் அவர். அக்கணக்கு அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அரசு மருத்துவமனையில் காட்டி, இப்போது இன்ஹேலர் பயன்படுத்துகிறார். பீடியை விடுவதில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றிருக்கிறார். படி ஏறும்போது மூச்சு இன்னும் வாங்கத்தான் செய்கிறது. ஆனால் சென்ற ஆண்டைவிட மோசமாகவில்லை என்கிறார். அரைக்காணி நிலமும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

வேலூரிலும் பெங்களூருவிலும் பிற நாடுகளிலும் குருத்தணு ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. இடிந்த சுவரை எழுப்பும் வழியும் ஒரு நாள் கைகூடலாம். இதைப் படிக்கும் மாணவர்களுள் ஒருவரே அதைக் கண்டறியவும் கூடும். அந்த நாள் வரும்போது பயன்பெற, நுரையீரலில் சுவர்கள் மிஞ்சியிருக்க வேண்டும். இன்று அணைக்கும் பீடி அதற்காகத்தான்.